ஆண்டியப்பனுக்கு ஓர் இலை

வணக்கம். எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? மூட்டுவலிக்காரர்கள், இருமல்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கொழும்பில் கடைகளில் கால்கடுக்க நிற்கிறவர்கள், எல்லோரும் நலந்தானே? எங்கள் பக்கம் ஐப்பசி மழை விட்டபாடில்லை. காயப்போட்ட கம்பளி மூன்று நாளாக ஈரமாகவே தொங்குகிறது. சரி, ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஊசிக்கல் தோட்டத்துப் பிரேமினிக்கு நடந்ததைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மூச்சு வாங்க வாங்க மேலே ஏறினால் ஊசிக்கல். பெயர்ப்பலகையில் வேறு ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. அதைப் பஸ் கண்டக்டர்கூடச் சொல்வதில்லை. தோட்டத்தின் உச்சியில், சவுக்கு மரங்களுக்கு நடுவில், துரைமார் கட்டிய கருங்கல் சர்ச் ஒன்று நிற்கிறது. தோட்டத்துச் சனம் அதைக் கல்லுக்கோயில் என்று சொல்லும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஹட்டனிலிருந்து ஃபாதர் வந்து ஆராதனை நடத்துவார். மற்ற நாளெல்லாம் அதைத் திறப்பதும் கூட்டுவதும் பூட்டுவதும் அதன் அடியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டுக்காரர்களின் பொறுப்பு. பிரேமினி வாழ்க்கைப்பட்டு வந்தது அந்த வீட்டுக்குத்தான்.

அவர்கள் வேதக்காரர்கள் இல்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். பின்னே ஏன் சர்ச் சாவியைக் கட்டிக்கொண்டு அலைகிறார்கள் என்றால், அங்கே சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. கதவில் பாதி உயரம். இரண்டு உலக யுத்தத்துக்கும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பி வராதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மேலே பத்துப் பேர், எல்லோரும் வெள்ளைக்காரர்கள். மீசை அரும்பாத சின்னத்துரைமார்தான் அதிகம். எல்லோருக்கும் அடியில், தகட்டின் ஓரத்தோடு, பதினோராவதாக ஆண்டியப்பன்.

இந்த இடத்தில் குழம்ப வேண்டாம். பிரேமினியின் மாமனார் பெயரும் ஆண்டியப்பன்தான். தகட்டில் இருந்தவர் மாமனாரின் தாத்தா. அந்தப் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். தாத்தாவைப் பெரிய ஆண்டியப்பன் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

பெரிய ஆண்டியப்பன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது யுத்தத்தில் பயனியர் படைக்குப் போனவர். துவக்குத் தூக்கவில்லை, மண்வெட்டிதான். எகிப்துப் பாலைவனத்தில் ரோட்டுப் போடுகிற இடத்தில் குண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். உடம்பு வரவில்லை. யுத்தம் முடிந்து சர்ச்சில் தகடு பதித்தபோது அதில் பத்துப் பெயர்தான் இருந்ததாம். அவர் பெண்சாதி மீனாச்சி, இடுப்பில் பிள்ளையும் முதுகில் கூடையுமாகக் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், பெரிய துரைக்கு முன்னால் போய் நின்றாளாம்.

"என் புருசனும் அதே சண்டைக்குத்தானே போனாரு? அவரு பேரு மட்டும் எங்கங்க?"

அடுத்த வாரம் பார்த்தால் தகட்டின் அடியில் பதினோராவது பெயர் இருந்தது. யார் அடித்தார்கள், யார் சொல்லி அடித்தார்கள், யாருக்கும் தெரியாது. வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை அவ்வளவுதான்.

உடம்பு வராத மனிதருக்கு அந்தத் தகடுதான் சமாதி. வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பெயருக்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் வைப்பார்கள். யுத்தத்தில் இறந்தவர்களைச் சர்ச்சில் நினைக்கிற நவம்பர் இரண்டாம் ஞாயிறு படையல். அந்தக் குளிரில் வாழை வளராது. தலவாக்கலைச் சந்தையிலிருந்து ஓர் இலை வாங்கி வருவார்கள். ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், ஒரு சுருட்டு. அவர் புறப்பட்ட அன்று விடியலில் ரொட்டியும் சம்பலும்தான் கேட்டுத் தின்றாராம். அத்தோடு மேலே இருக்கிற பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. துரைமார் ஊரைப் பார்க்கப் போன பிறகு அவர்களை நினைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? 'தாய் தேடியிருப்பாளே' என்று மீனாச்சி தொடங்கி வைத்தது, நிற்கவில்லை.

இனி நடந்த தப்பைச் சொல்கிறேன். சந்தனமும் எண்ணெயும் காய்ந்து பிசுக்குப் பிடிக்கும் அல்லவா? அதை எடுக்க, வீட்டு விளக்கைத் துலக்குகிற மாதிரியே, புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தார்கள். மீனாச்சி தேய்த்தாள், அவள் மருமகள் தேய்த்தாள், அதற்கு அடுத்தவள் தேய்த்தாள், பிரேமினியும் தேய்த்தாள். மேலே இருந்த பத்துப் பெயருக்கும் சந்தனமும் இல்லை, தேய்ப்பும் இல்லை. தேய்த்தது அடியில் இருந்த அந்த ஒரு பெயரைத்தான்.

இந்த வருட மழையில் சர்ச்சுக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, சுவரில் விரிசல் விழுந்தது. தகடு இனி அங்கே இருந்தால் விழும், இல்லாவிட்டால் பித்தளைக்காரன் தூக்கிப் போவான், கொழும்பில் சபை ஆபீசில் பத்திரமாக வைத்துவிட்டு இங்கே கறுப்புக் கல்லில் பெயர்களை வெட்டிப் பதிப்போம் என்று சர்ச் கமிட்டியில் முடிவெடுத்தார்கள். பத்துப் பேரில் ஒருவருடைய குடும்பம் இங்கிலாந்திலிருந்து அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது. நவம்பர் ஆராதனைக்குக் கல் ஏறிவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, கல் வெட்டுகிற இப்றாஹிம் நானா தலவாக்கலையிலிருந்து வேனில் வந்தார். கமிட்டிச் செயலாளர் தர்மராஜ் மாஸ்டர் குடையோடு வந்தார். ரிட்டையர் ஆன பிறகும் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரேமினி அரைநாள் கூலியான அரைப்பேர் போதும் என்று கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு, மாமனாரோடு போய் நின்றாள்.

நானா ஏணியில் ஏறி, போனில் ஒவ்வொரு பெயராகப் படம் பிடித்தார். "அல்லாட காவல், நேத்து வெட்டின மாதிரியில்ல நிக்குது எழுத்து! அந்தக் காலத்து வேல வேலதான் மாஸ்டர்." பிறகு இறங்கிக் குனிந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை விரலால் துடைத்தார். முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "இங்க ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லையா? அது எங்க தாத்தா!" என்றார் ஆண்டியப்பன்.

"தாத்தா இருப்பாருண்ணே. எழுத்தில்லையே."

மாஸ்டரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பித்தளை பளபளவென்று அவர் மூக்கைத்தான் காட்டியது. ஓரத்தில் ஒரு கோடு, நடுவில் ஒரு வளைவு. அவ்வளவுதான்.

"நான் கல்யாணங்கட்டி வந்தப்ப கொஞ்சம் தெரிஞ்சிச்சுங்க மாஸ்டர்," என்றாள் பிரேமினி.

"தெரிஞ்சது இப்ப தெரியலையேம்மா."

"அதான் நாங்க சொல்றோமே. ஆண்டியப்பன்னு வெட்டச் சொல்லுங்க."

மாஸ்டர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, முறை தப்பக்கூடாது என்று பயப்படுகிறவர். "எனக்குத் தெரியும் பிரேமினி. நான் நம்புறேன். ஆனா தகட்டுல வாசிக்கக்கூடியது மட்டுந்தான் கல்லுல ஏறணும்னு கமிட்டி முடிவு. இங்கிலாந்துக்காரங்க கிட்ட இருக்க பழைய போட்டோவுல பத்துப் பேருதான் இருக்கு. அது தாத்தா பேரு போடுறதுக்கு முந்தி எடுத்தது போல. வாய்ச் சொல்லுக்கு ஒண்ணு வெட்டினா, நாளைக்கு ஒவ்வொரு லயமும் வந்து எங்க தாத்தா பேரையும் போடுன்னு நிக்கும். நான் யாருக்கு இல்லேங்கிறது?"

"போட்டோ எங்க கிட்டயும் இருக்குங்க!" பிரேமினி அவசரமாகப் போனை எடுத்தாள். ஒவ்வொரு நவம்பரும் எடுத்தது, மகள் தனுஷிகா குட்டியாக இருந்தபோது எடுத்தது. ஒன்று விடாமல் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிற இடத்தில் மொத்தமாகச் சந்தனமும், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமமும்தான் இருந்தது.

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "கோவிக்காதீங்க தங்கச்சி, இவ்வளவு அலங்காரம் பண்ணினா மனுசன் மொகம் எப்படித் தெரியும்?" என்றார். "புதன்கெழம வெட்டத் தொடங்கணும். செவ்வாக்கெழம வந்து தகட்டக் கழட்டுறன். அதுக்குள்ள ஏதும் கெடச்சா சொல்லுங்க. எனக்கு ஒரு வரி கூட வெட்டுறதுல கஷ்டமில்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் பருப்பும். அடுப்புப் புகை வெளியே போக முடியாமல் மழைக்குள் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பிரேமினி ரொட்டியைத் தட்டிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தே பேசினாள்.

"நாந்தான் மாமா. அத்த எல்லாம் மெதுவாத்தான் தேச்சாங்க. நான்தான் பளபளன்னு இருக்கணும்னு அந்தத் தேய் தேச்சேன்."

"நீ தேச்சத நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்? 'அந்த ஓரத்துல இன்னும் கறுப்பா இருக்கு, நல்லா அமுக்கித் தேயி'ன்னு சொன்னது யாரு?" ஆண்டியப்பன் ரொட்டியைப் பருப்பில் நனைத்தார். "எங்காத்தா தேச்சப்பவும் சொன்னேன். அப்ப என்னையவும் சேத்துத் திட்டிக்க."

"கல்லுல பத்துப் பேரு இருக்கும் மாமா. வெளியூரு ஆளுங்க வந்து பாத்தா, இந்தத் தோட்டத்துல இருந்து சண்டைக்குப் போனது தொரைங்க மட்டுந்தான்னு நெனப்பாங்க. நம்ம ஆளு ஒருத்தரு போனாருங்கறதே இல்லாமப் போயிரும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ம்" என்றார். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்யும் புருசன் லோஜன் போன் பண்ணினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தொரமாருக்கு நம்ம வீட்டு மெழுகுவத்தி மட்டும் வேணுமாக்கும்" என்று கோபப்பட்டான்.

"அவங்களத் திட்டாதீங்க. செத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள் பிரேமினி. "அந்தப் பெரிய தொர மனசு வெக்கலேன்னா நம்ம பேரு இத்தன வருசம் அங்க இருந்திருக்குமா?"

திங்கட்கிழமை மலையில் செய்தி பரவிவிட்டது. மூடுபனிக்குள் ஆள் தெரியாது, பேச்சுத்தான் தெரியும். படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் நிரையில் நின்று கொழுந்து பறித்தார்கள்.

பக்கத்து நிரை ராசம்மா கூப்பிட்டாள். "ஏய் பிரேமினி! மாமனாரோட தாத்தாவையே தேச்சுக் கழுவி ஊத்திப்புட்டியாமே?"

"போங்கக்கா."

"நல்லவேள, ஒம் புருசன் கொழும்புல இருக்கான். இங்க இருந்தா அவனையும் புளி போட்டுத் தேச்சிருப்ப."

"அவரைத் தேய்க்கிறதுக்குப் புளி பத்தாதுக்கா. கறுப்பு அப்படி."

பனிக்குள் சிரிப்பு கிளம்பியது. கங்காணி அழகுமுத்து மேலிருந்து, "கை ஆடட்டும், வாய் ஆடுனது போதும்!" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் ராசம்மா குரல் தணிந்தது. "கவலப்படாத புள்ள. நாங்க எல்லாரும் வந்து ஃபாதர் முன்னுக்கு நிக்கிறோம். மீனாச்சிப் பாட்டி நின்ன மாதிரி கூடையோட நிக்கிறோம். பாப்போம், என்னதான் சொல்றாங்கன்னு."

"நிக்கலாங்க்கா. எங்களுக்காக எரக்கப்பட்டு ஒரு பேரப் போட்டுடுவாங்க. ஆனா அது எரக்கப்பட்டுப் போட்ட பேருன்னு ஆயிரும்ல?" பிரேமினி கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் வீசினாள். "அவரு போனது நெசம். நெசத்துக்கு எரக்கம் கேக்கக் கூச்சமா இருக்கு."

ராசம்மா தன் கையில் இருந்த கொழுந்தையும் சேர்த்துப் பிரேமினியின் கூடையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மழை கொஞ்சம் ஓய்ந்தது. இப்றாஹிம் நானா ஆணிகளைக் கழற்ற, ஆண்டியப்பன் அடியில் தாங்கிக்கொண்டார். துரு ஏறிய ஆணி ஒவ்வொன்றும் பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. தகடு சுவரை விட்டு வந்ததும் அது இருந்த இடம் வெளுத்துப் போய்க் கிடந்தது. மாஸ்டர் கொண்டுவந்த கம்பளியில் அதைச் சுற்றப் போனார்.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர்," என்றாள் பிரேமினி. "கழுவி அனுப்புறேன்."

"இன்னுமா?" நானா பதறினார். "தங்கச்சி, மிச்சமிருக்கிற பத்துப் பேரும் என்ன பாவம் பண்ணினாங்க?"

"இல்லண்ணே. புளி இல்ல, தூள் இல்ல. வெறும் சுடுதண்ணியும் பழைய சீலத் துண்டும். சத்தியமா."

இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, சாக்கு விரித்து, தகட்டைக் கிடத்தினார்கள். முன்பக்கத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கிற மாதிரி. பிறகு திருப்பச் சொன்னாள். பின்பக்கம் ரொட்டிக்கல் மாதிரிக் கறுத்து, சுண்ணாம்பும் ஒட்டடையுமாக இருந்தது.

"பின்பக்கம் யாரு பாக்கப் போறா? விடு பிரேமினி, இருட்டப் போவுது," என்றார் மாஸ்டர்.

"வீட்ட விட்டுப் போற புள்ளைக்கி முதுகு தேச்சு விடாமயா அனுப்புவோம்?"

அந்தப் பக்கத்தை எந்த மருமகளும் தொட்டதில்லை. சுவரோடு ஒட்டிக் கிடந்த பக்கம். துணியை நனைத்து மேலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக வழிந்தது. கீழ் ஓரத்துக்கு வந்ததும் துணி எதிலோ தட்டியது. சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. துணியை வைத்துவிட்டு விரலால் தடவினாள். ஒன்று இல்லை, வரிசையாக இருந்தது.

"மாமா... இங்க கைய வைங்க."

ஆண்டியப்பன் வைத்தார். "என்னமோ பொடச்சிக்கிட்டு இருக்கே?"

இப்றாஹிம் நானா போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு நிழல் விழுந்தது. நானா அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! இது எழுத்து!"

"பின்னாலயா?" என்றார் மாஸ்டர்.

"கேளுங்க மாஸ்டர். மேல இருக்கிற பத்துப் பேரும் உளியால வெட்டினது. வெட்டினா பின்னுக்கு ஒண்ணும் வராது. இந்த ஒரு பேரு மட்டும் வெட்டினதில்ல. இரும்பு அச்ச வெச்சு, சுத்தியலால அடிச்சது. பெக்டரியில மெசின் சாமானுக்கு நம்பர் அடிப்பாங்களே, அந்த மாதிரி. முன்னுக்கு அமுங்கினா பின்னுக்குப் பொடைக்கும். நீங்க முன்னுக்கு எவ்வளவு தேச்சாலும் பின்னுக்குப் போகாது!" அவர் பிரேமினியைப் பார்த்துச் சிரித்தார். "எழுத்து திரும்பி நிக்குது. கண்ணாடி ஒண்ணு இருந்தா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை, பிரேமினி படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது கையில் வீட்டுக் கண்ணாடி. பொட்டு வைக்கிற கண்ணாடி அது. ஓரமெல்லாம் பழைய ஒட்டுப் பொட்டுகள். தகட்டின் ஓரத்தில் அதைச் சாய்த்துப் பிடித்தாள். ஓடி வந்த மூச்சில் கண்ணாடியும் எழுத்துகளும் ஆடின. ஆண்டியப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் குனிந்தார். வகுப்பில் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்தார். "ஆண்டி... யப்பன்."

பிரேமினிக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. "தெய்வமே! எவன் பெத்த புள்ளையோ, நல்லா ஓங்கி அடிச்சிருக்கான். அவன் கை நல்லா இருக்கணும், அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்..."

"இரும்மா, கண்ணாடிய ஆட்டாத. இன்னும் இருக்கு."

"இன்னுமா?"

"அடுத்த வரி. சின்ன எழுத்து, முன்னுக்கு முதல்ல தேஞ்சது இதாத்தான் இருக்கும்." மாஸ்டர் மூக்குத் தொடுகிற மாதிரிக் குனிந்தார். "மகன்னு போட்டிருக்கு. தோட்டத்துப் பேர்ப் பதிவுல எழுதுற மாதிரி, இன்னாருடைய மகன். அழ... அழகன். அழகன் மகன் ஆண்டியப்பன்."

பிரேமினி கண்ணாடியை இறக்கிவிட்டு மாமனாரைப் பார்த்தாள்.

"அழகனா? அது யாரு மாமா?" என்றாள் பிரேமினி.

ஆண்டியப்பன் அந்தச் சர்ச்சில் விளக்குமாறோடு நின்றிருக்கிறார், சாவியோடு நின்றிருக்கிறார். ஒருநாளும் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தார்.

"தாத்தாவோட அப்பா," என்றார். "எங்கப்பாவுக்கே அந்தப் பேரு தெரியாது பிரேமினி. தாத்தா போனப்ப அப்பா கைப்புள்ள. மீனாச்சிப் பாட்டி புருசன் பேரையே வாயால சொல்லாது, மாமனார் பேர எங்க சொல்லும்? 'மதுரப் பக்கத்துல இருந்து நடந்து வந்தாரு, கப்பலேறி வந்தாரு'ன்னு மட்டுஞ் சொல்லும். யாரு வந்தான்னு பேரில்லாம இருந்திச்சு." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "ஒரு ஆளத் தொலைச்சிட்டோம்னு அழுதுகிட்டு இருந்தோம். ஒரு ஆளு கூடுதலா வந்திருக்காரு பாரு."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கு எடமில்லைன்னு சொன்னேன். அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு மனுசன்," என்றார். பிறகு போனை எடுத்து ஃபாதரைக் கூப்பிட்டார். எட்டி நின்ற பிரேமினிக்கே கேட்கும் அளவுக்கு ஃபாதர் மறுபக்கத்தில், "வெட்டச் சொல்லுங்க மாஸ்டர், ரெண்டு வரியும் வெட்டச் சொல்லுங்க!" என்று சத்தம் போட்டார்.

நானா மேசை அளவில் கையை விரித்துக் கல்லின் அளவை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். "எடமிருக்கு. மத்தவங்கள ஒரு விரக்கடை மேல தள்ளினா சரி. இவ்வளவு காலம் மேலேயே இருந்தவங்கதானே, கொஞ்சம் நெருங்கி இருப்பாங்க." எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கூலி என்னண்டு கேளுங்க தங்கச்சி."

"என்னண்ணே?"

"படையல் ரொட்டியில ஒண்ணு. சம்பலோட."

அன்று ராத்திரி லோஜனுக்குப் போன் போட்டாள். நடந்ததெல்லாம் சொல்லி முடிக்க அழுகையும் சிரிப்புமாக வெகுநேரம் ஆனது. அவன் மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வாற ஞாயித்துக்கிழமைக்கு லீவு கேட்டுட்டேன். தலவாக்கலையில எறங்கி எல வாங்கிட்டு வாறேன்" என்றான்.

"என்னங்க, ரெண்டு வாங்கிட்டு வாங்க."

நவம்பர் இரண்டாம் ஞாயிறு. ஊசிக்கல்லில் யாரும் எதிர்பாராமல் வெயில் அடித்தது. துரைமார் காலத்துக்குப் பிறகு அந்த நாளில் சர்ச் நிரம்பியது அன்றைக்குத்தான். ராசம்மா கூடையில்லாமல், பட்டுச்சேலையில் வந்திருந்தாள். அழகுமுத்துக் கங்காணி பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். கறுப்புக் கல்லில் எழுத்துகள் வெள்ளையாக, ஆழமாக இருந்தன. ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, தனுஷிகா ஒவ்வொரு மெழுகுவர்த்தியாகக் கொளுத்தினாள். பத்தாவது முடிந்தது. ஃபாதர் குரலை உயர்த்தி, "அழகன் மகன் ஆண்டியப்பன்" என்றார்.

பெயர் கூப்பிட்டதும் பெரட்டில் பதில் சொல்கிற பழக்கம் அந்த மனிதருக்கு. வாழ்நாள் பூராவும் அப்படித்தானே விடிந்தது? பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் சட்டென்று எழும்பி, "இருக்கேங்க!" என்றார். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஃபாதர் தலையை ஆட்டி, "இருக்காரு" என்றார்.

ஆராதனை முடிந்து, வெளி விறாந்தையில் படையல். பிரேமினி இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். பெரிய ஆண்டியப்பன் இலையில் ரொட்டி, கட்டச் சம்பல், சுருட்டு. வழக்கம்போல். அடுத்த இலைக்கு முன்னால் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"என்ன யோசிக்கிற?" என்றான் லோஜன்.

"இவருக்கு என்ன புடிக்கும்னு யாருக்குமே தெரியாதுல்ல?"

ஆண்டியப்பன் இலைக்கு முன்னால் குந்தினார். விரலால் அதில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டார். "என்ன புடிக்கும்னு தெரியாது," என்றார். "ஆனா ரொம்பத் தூரம் நடந்து வந்த மனுசன். பசிக்கும்னு தெரியும்ல? எல்லாத்தையும் வையி."

எல்லாவற்றையும் வைத்தாள். ரொட்டி, சோறு, பருப்பு, கருவாடு, ராசம்மா கொண்டுவந்த பாயசம், மாஸ்டர் வீட்டுக் கேக் ஒரு துண்டு. இலை கொள்ளவில்லை.

இப்றாஹிம் நானா தன் கூலியை வாங்கித் தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டார். புறப்படும்போது, "தங்கச்சி, கல்லுக்குப் புளி ஆகாது. தெரியுந்தானே?" என்றார். பிரேமினி இப்போது சந்தனத்தைக் கல்லில் வைப்பதில்லை. அதற்குக் கீழே சுவரில், கை எட்டுகிற இடத்தில் வைக்கிறாள். அந்த இடம் தேய்ந்தால் தேயட்டும், சுவர்தானே.

இவ்வளவுதான் விஷயம். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சர்ச்சிலோ, பள்ளிவாசலிலோ, கோயில் சுவரிலோ, யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத நம் ஆள்கள் யாருடைய பெயராவது இருக்கிறதா? உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் போயிருக்கிறார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன படைக்கிறீர்கள்? இரண்டு வரியானாலும் எழுதிப் போடுங்கள். பெயரோடு எழுதுங்கள், முடிந்தால் அவர்களுடைய அப்பா பெயரோடும்.